காற்றைக் கண்டுபிடித்தாராம் ஹிப்பாலஸ்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், பண்டைய நாகரிகங்கள் தொடரில் ஒரு வரி வந்திருந்தது: 'கிரேக்க மாலுமி ஹிப்பாலஸ் பருவக்காற்றைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தியா கடல் வணிகத்துக்குள் வந்தது.' அடேயப்பா. வருஷா வருஷம் தவறாமல் அடிக்கிற தென்மேற்குக் காற்று, அதை நம்பியே பிழைக்கிற மலபார்க் கரைக்காரன், குஜராத் கரைக்காரன் எவன் கண்ணிலும் படாமல், எகிப்திலிருந்து ஒருவர் வந்து கண்டுபிடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்ததாக்கும்!

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில், எட்டாம் தாலமி எகிப்தை ஆண்டபோது, செங்கடல் பக்கம் கரைதட்டிய கப்பல் ஒன்றில் குற்றுயிராகக் கிடந்த ஒருவரைக் காவலர்கள் தூக்கிவந்தார்கள். அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. கிரேக்கம் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்து கிளம்பி வழி தவறிவிட்டது, கூட வந்தவர்கள் பசியால் செத்துப்போனார்கள், என்னைத் திருப்பி அனுப்பினால் வழி காட்டுகிறேன் என்றார். அவர் காட்டிய வழியில்தான் யூடாக்ஸஸ் என்கிற கிரேக்கர் இந்தியா போய் வாசனைப் பொருளும் மணிகளுமாகத் திரும்பினார் (சரக்கை ராஜா பிடுங்கிக்கொண்டார், அது வேறு கதை). இதை எழுதிவைத்தவர் ஸ்ட்ராபோ என்கிற கிரேக்கப் புவியியலாளர். கதையில் அவருக்கே நம்பிக்கை இல்லை என்று உங்கள் கட்டுரையாளர் மடக்கலாம். சரி, ஹிப்பாலஸுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? பெரிப்ளூஸ் என்கிற பழைய கிரேக்கக் கடல்வழிக் கையேட்டில் சில வரி, அவ்வளவுதான். ரோமானிய எழுத்தாளர் பிளினியோ அந்தப் பெயரைக் காற்றுக்கே சூட்டிவிட்டுப் போய்விடுகிறார். இரண்டும் ஒரே எடைதான், ஆனால் ஒருவருக்குத் தலைப்பு, இன்னொருவருக்கு அரை வரிகூட இல்லை.

இது எனக்குப் புதிதல்ல. நான் வரலாற்று ஆசிரியராக இருந்தவன். விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு பையன் இந்த மாலுமியின் கதையை அழகாக, கோணல்மாணலான கையெழுத்தில் அரைப் பக்கம் எழுதியிருந்ததைப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். 'விடைக் கீயில் இல்லையே சார்' என்றார். மேற்பார்வைக்கு வந்தவரும் அதையே சொல்லி, சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். அந்தக் கீயைத் தயாரித்தவர் எதைப் படித்துத் தயாரித்தாரோ, உங்கள் கட்டுரையாளரும் அதையேதான் படித்திருக்கிறார்.

அப்புறம் உங்கள் வினாடி வினா. இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டுவிட்டு, விடை வாஸ்கோ ட காமா என்று தலைகீழாக அச்சடிக்கிறீர்கள். 1498இல் அந்த மனிதர் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் உள்ள மாலிந்தியில் வழி தெரிந்த மாலுமி ஒருவரை ஏற்றிக்கொண்டுதான் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். வழி தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர் எப்படி ஐயா கண்டுபிடித்தவர் ஆவார்? இதைப் பற்றி அப்போதே எழுதினேன். நீங்களும் பிரசுரித்தீர்கள், மறுக்கவில்லை. 'வினாடி வினா பகுதி மாணவர்களுக்குப் பயனுள்ளது' என்ற முதல் வரியை மட்டும். மீதியெல்லாம் இடநெருக்கடியில் போயிற்றாம். ராசிபலனுக்கு ஒரு நாளும் அந்த நெருக்கடி வந்ததில்லை.

சீனா பற்றிய பகுதியும் இதே கதைதான். கி.பி. 166இல் ரோமானியத் தூதர்கள் சீனாவுக்குப் போய் உறவை ஏற்படுத்தினார்கள் என்று பெருமையாகப் போட்டீர்கள். அந்தச் சம்பவம் நமக்குத் தெரிவதே பிற்கால ஹான் வரலாற்று நூலால்தான். அதை எழுதிய சீனர் என்ன சொல்கிறார்? யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமை ஓடு கொண்டுவந்தார்கள், இதில் அரிய பொருள் ஒன்றுமே இல்லையே என்று சந்தேகப்படுகிறார். மூன்றும் தென்கடல் பக்கம் வாங்கக்கூடிய சரக்கு. வந்தவர்கள் தூதர்களே இல்லை, வியாபாரிகள் என்று இன்றைய அறிஞர்கள் பலரும் நினைக்கிறார்கள். சீனர் பட்ட சந்தேகத்தில் ஒரு துளியாவது உங்கள் ஆசிரியர் குழுவுக்கு வந்திருக்கலாம்.

இந்தியர்கள் கரையில் நின்று மிளகு விற்றதோடு சரி என்ற தொனி கட்டுரை முழுக்க இருக்கிறது. அரபிக்கடலில் ஏமனுக்குத் தெற்கே உள்ள சொகோத்ரா தீவின் ஹோக் குகையில், கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் வந்துபோனவர்கள் சுவரில் எழுதிவைத்த குறிப்புகள் இருநூறுக்கும் மேல் கிடைத்துள்ளன. அவற்றில் பெரும்பகுதி பண்டைய இந்திய எழுத்தான பிராமி. குஜராத்தில் இன்றைய பரூச்சிலிருந்து வந்தவன் என்று ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தின் கோயில் முற்றத்தில் ஏழரை கிலோ மிளகு கிடைத்ததே, அது இருந்தது இந்தியாவில் செய்த ஜாடியில். அதே ஊரில் தமிழ் பிராமி எழுதிய பானை ஓடும் கிடைத்தது. இன்னும் பின்னால் போனால், கி.மு. 23ஆம் நூற்றாண்டு வாக்கில் மெசபடோமியாவின் (இன்றைய ஈராக்) அக்காத் மன்னன் சார்கோன், மெலுஹாவின் கப்பல்கள் என் துறைமுகத்தில் நிற்கின்றன என்று கல்வெட்டில் பீற்றிக்கொள்கிறான். மெலுஹா என்பது சிந்துவெளி என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஹிப்பாலஸின் பாட்டனுக்குப் பாட்டன்கூட அன்று பிறந்திருக்க மாட்டான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், போதும். கட்டுரையாளர் பெயரைக்கூடக் குறிப்பிட வேண்டாம். டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவில் போடாமல் இருந்தால் நல்லது. இந்தக் கடிதத்தை வெட்டுவதாக இருந்தால் 'வணக்கம்' என்பதை வெட்டிவிட்டு மீதியைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
சிவகங்கை