முகமூடியைத் தெருவில் கழற்றாதீர்கள்

கர்த்தருக்குள் அன்பான எங்கள் சேகர வாலிபர் சங்கத்துத் தம்பிமார்களுக்கு,

சென்ற ஆண்டு, கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு நீங்கள் வீடு வீடாக வரும் கீத பவனியன்று, எங்கள் தெருவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

என் 6 வயது மகள் ஒன்பது மணியிலிருந்து உறங்காமல் காத்திருந்தாள். நீங்கள் வந்தபோது மணி பன்னிரண்டரை. கிறிஸ்துமஸ் தாத்தா ஆடினார், மிட்டாய் கொடுத்தார், போய்விட்டார். தாத்தாவுக்கென்று எடுத்து வைத்த அச்சு முறுக்குப் பொட்டலத்தைக் கொடுக்க மறந்துவிட்டோமே என்று அவள் பின்னாலேயே ஓடினாள். நாலு வீடு தள்ளி, விளக்குக் கம்பத்தடியில், முகமூடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு தாத்தா கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த தெரு அண்ணன். "நான்தான் பாப்பா தாத்தா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தீர்கள்.

அவள் அழவில்லை. பொட்டலத்தைத் திரும்பக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அம்மா, உனக்கு முன்னமே தெரியுமா?" தாத்தாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, என்னைப் பற்றித்தான் கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், தம்பிமார்களே?

எப்படியும் ஒரு நாள் தெரியத்தானே போகிறது என்கிறீர்கள். தெரியட்டும். தாத்தாவின் செருப்பு அண்ணன் செருப்பு மாதிரி இருக்கிறதே என்று அவளே சந்தேகப்பட்டு, அவளே கண்டுபிடித்திருப்பாள். அந்த நாளை அவளிடமிருந்து பறித்துவிட்டீர்கள். 1897இல் நியூயார்க்கில் 8 வயது விர்ஜினியா, தாத்தா இருக்கிறாரா என்று கேட்டு எழுதியபோது, 'சன்' நாளிதழ் தலையங்கத்திலேயே பதில் சொன்னது. கனடா அஞ்சல் துறை தாத்தாவுக்குத் தனி அஞ்சல் குறியீடு வைத்து, பிள்ளைகளின் கடிதங்களுக்கு இன்றும் பதில் அனுப்புகிறது. உங்களால் தெருமுனை திரும்பும்வரை பொறுக்க முடியவில்லையா?

முகமூடிக்குள் மூச்சு முட்டும், பஞ்சுத் தாடி மூக்கில் ஏறும் என்பது தெரியும். என் கணவரும் ஒரு காலத்தில் அதைப் போட்டவர்தான். அப்போதெல்லாம் பாட்டு முழுதாகப் பாடுவார்கள், வீட்டில் ஜெபிப்பார்கள். இப்போது ஒரு சரணம், உடனே காணிக்கைக் கவர், அடுத்த வீடு. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

மன்னியுங்கள், கேட்க வந்தது ஒன்றுதான். முகமூடியைத் தெருவில் கழற்றாதீர்கள். வேனில் ஏறி, வேன் முனை திரும்பிய பிறகு கழற்றுங்கள்.

வீட்டில் 4 வயதில் இளையவன் இருக்கிறான். தம்பியிடம் சொல்லிவிடாதே என்று மகள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஓராண்டாக அவளும் வாய் திறக்கவில்லை. இந்த முறை பொட்டலத்தை அவன் கொடுப்பான். தயவுசெய்து, முகமூடியோடு நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் ஒரு தாய்