கிளாரா ஷூமன் மாலை நிகழ்ச்சிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான கிளாரா ஷூமன் பிறந்த நாளான செப்டம்பர் 13-ஐ ஒட்டி, சென்னையில் பியானோ கற்கும் பிள்ளைகளும் பெற்றோர்களுமாகச் சேர்ந்து நடத்திய மாலை நல்லபடியாக முடிந்தது. மேடை ஏறியவர்களுக்கு அன்றைக்கே கைதட்டல் கிடைத்துவிட்டது. மேடைப் பக்கமே வராமல் உழைத்தவர்களுக்காக இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லாமலே எழுதுகிறேன். படிக்கும்போது உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில், இந்த யோசனையைச் சொன்ன பியானோ மிஸ்ஸுக்கு நன்றி. கிளாரா என்றதும் 'இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் மனைவி', 'இசையமைப்பாளர் பிராம்ஸின் தோழி' என்றுதான் பலரும் சொல்வார்கள். "அவங்க அறுபது வருஷத்துக்கு மேல மேடையில வாசிச்சவங்க, கடைசி வரைக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவங்க. நாம அந்தக் கிளாராவைப் பத்திப் பேசலாம்" என்று நீங்கள் சொன்னதுதான் நிகழ்ச்சியின் போக்கையே தீர்மானித்தது.

ஜெர்மன் மொழியில் இருந்த கடிதங்களையும் நாட்குறிப்புப் பகுதிகளையும் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் சொல்லிக்கொடுத்த ஐயாவுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். 1819-இல் லைப்சிக் நகரில் பிறந்த கிளாரா, நான்கு வயது தாண்டியும் சரியாகப் பேசாத குழந்தை. ஐந்து வயதானதும் அன்றைய சட்டப்படி அம்மா மரியான்னேவிடமிருந்து பிரிக்கப்பட்டு, அப்பா ஃபிரீட்ரிஷ் வீக்கிடம் ஒப்படைக்கப்பட்டார். கிளாராவுடைய நாட்குறிப்பையே முதலில் அப்பாதான் எழுதினார், அதுவும் 'நான்' என்று மகளாகவே பேசி. ஐயா இதை விளக்கியபோது ஒத்திகைக்கு வந்திருந்த பெற்றோர் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டோம். அந்த அம்மாதான் பிற்காலத்தில் மகள் பக்கம் நின்றார். ராபர்ட்டை மணக்க அப்பா சம்மதிக்காமல் வழக்கு நடந்தபோது அம்மா சம்மதம் கொடுத்தார். 1854-இல் ராபர்ட் மனநலம் குன்றி ரைன் நதியில் குதித்து, பிறகு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, கர்ப்பிணியாக இருந்த மகளுக்குத் துணையாக வந்து நின்றார். இந்தப் பகுதி நிகழ்ச்சியில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஐயா வற்புறுத்தினார். அவர் சொன்னது சரிதான். அன்று பார்வையாளர்கள் அதிகம் பேசியது அந்த அம்மாவைப் பற்றித்தான்.

செல்லோ வாசித்த தம்பிக்கு நன்றி. கிளாரா பதின்மூன்று வயதில் எழுதத் தொடங்கிய பியானோ கன்சர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), 1835-இல் இசையமைப்பாளர் மெண்டல்சன் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, லைப்சிக்கின் கேவாண்ட்ஹவுஸ் அரங்கில் முதன்முதலாக முழுதாக ஒலித்தது. வாசித்தவரும் பதினாறு வயதுக் கிளாராதான். ஆர்கெஸ்ட்ராவுக்கு நாங்கள் எங்கே போவது? ஆனால் அதன் இரண்டாம் பகுதியில் ஆர்கெஸ்ட்ரா ஒதுங்கிக்கொள்ளும், பியானோவும் ஒரே ஒரு செல்லோவும்தான் பேசிக்கொள்ளும். அதை எடுத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்ததும் நீங்கள், வாசித்ததும் நீங்கள். கல்லூரித் தேர்வுக்கு நடுவே ஒத்திகைக்கு வந்தீர்கள். பியானோவில் இருந்த பெண் முதல் முறையாக இன்னொரு வாத்தியத்தோடு வாசிக்கிறாள் என்று தெரிந்து, அவள் மூச்சு விடும் இடத்துக்கெல்லாம் காத்திருந்தீர்கள்.

வீட்டு ஹாலில் இருந்த அப்ரைட் பியானோவைக் கொடுத்து உதவிய குடும்பத்துக்கும், அதை மாடியிலிருந்து இறக்கிச் சர்ச் ஹாலில் ஒரு கீறல் இல்லாமல் வைத்த அண்ணன்களுக்கும், வாடகை வாங்காமல் ஹாலைத் தந்த சபையாருக்கும் எங்கள் வணக்கம். ட்யூனர் அண்ணனைத் தனியாகச் சொல்ல வேண்டும். செப்டம்பர் மாத மாலை மழையில் காற்றில் ஈரம் ஏறினால் பியானோவின் சவுண்ட்போர்டு (ஒலியைப் பெருக்கும் மரப்பலகை) உப்பிக்கொள்ளும், சுருதி ஏறிவிடும். இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி செய்த பிறகும், நிகழ்ச்சியன்று மதியம் மழை பெய்ததும் கூப்பிடாமலே கிளம்பி வந்தீர்கள். கிளாராவின் சிறுவயதுக் கச்சேரிகளுக்கு ஏற்பாடுகளையெல்லாம் அப்பா பார்த்துக்கொண்டார். வளர்ந்த பிறகு அந்தப் பாரமெல்லாம் கிளாரா தலையில்தான். ஒரு சிறிய மாலைக்கே இத்தனை பேர் வேண்டியிருந்தது. அவரோ தன் வாழ்நாளில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் வாசித்திருக்கிறார், எட்டுப் பிள்ளைகளையும் பெற்று!

ஒலியமைப்பைக் கவனித்த தம்பியிடம் பழைய இசைத்தட்டுப் பதிவு ஒன்றைக் கொடுத்து, "கரகரப்பைக் கொஞ்சம் குறைக்க முடியுமா" என்று கேட்டிருந்தோம். கிளாராவிடம் நேரடியாகப் பயின்ற ஃபேனி டேவிஸ், 1920-களின் இறுதியில் வாசித்த பதிவு அது. அதைத் தம்பி மெருகேற்றிக் கொடுத்ததால்தான் நிகழ்ச்சியின் முக்கியமான பகுதியை எங்களால் செய்ய முடிந்தது.

அந்தப் பகுதி கிளாராவின் ஆசிரியப் பணி பற்றியது. 1878-இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஹோஹ் இசைப்பள்ளி அவரை அழைத்தபோது அங்கே வேறு பெண் ஆசிரியர் கிடையாது. வீட்டிலேயே பாடம் நடத்துவேன், கச்சேரிப் பயணத்துக்கு விடுப்பு வேண்டும் என்று தன் நிபந்தனைகளைச் சொல்லித்தான் வேலையை ஏற்றார். 1892 வரை அங்கே கற்பித்தார். மகள்கள் மரீயும் ஒய்கேனியும் மாணவர்களைத் தயார்படுத்தி அம்மாவிடம் அனுப்புவார்கள். ஒருவர் பாடத்தை மற்றவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்த முறை இது: விரலால் பியானோக் கட்டையை ஓங்கி அடிக்கக் கூடாது, விரல் கட்டையோடு ஒட்டி நின்று அழுத்த வேண்டும். மணிக்கட்டு தளர்வாக இருக்க வேண்டும். இசையமைப்பாளர் எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்தெல்லாம் மாணவர்கள் தேடி வந்தார்கள். கை வலியால் கச்சேரிகளையே ஒத்திவைத்த வருடங்கள் அவருக்கு உண்டு. காது கேட்பதும் முதுமையில் குறைந்தது. அப்படியும் பாடத்தை விடவில்லை. எனக்கு அவருடைய மேடை வாழ்க்கையைவிட இது பெரியதாகத் தெரிகிறது.

இதை வாயால் சொல்லி முடித்திருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. ஒரே இசைப் பகுதியை முதலில் அடித்தும் பிறகு அழுத்தியும் வாசித்துக் காட்டிய ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கும், அதைத் தொடர்ந்து ஃபேனி டேவிஸின் பதிவைச் சரியான நொடியில் ஒலிக்கவிட்ட தம்பிக்கும் நன்றி. வித்தியாசம் ஹாலில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அப்புறம், பிள்ளைகள் எல்லோரும் இசைக்குறிப்புப் புத்தகம் இல்லாமல் மனப்பாடமாக வாசித்ததைப் பார்த்தீர்கள். பொது மேடையில் அப்படி வாசிக்கும் பழக்கத்தை வேரூன்றச் செய்த முன்னோடிகளில் கிளாராவும் ஒருவர். அதற்காக மாதக்கணக்கில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்து வீட்டார், தாத்தா பாட்டிகள் எல்லோருக்கும் இதைவிட மனமார்ந்த நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சுண்டலும் காபியும் கொண்டுவந்த அக்காக்கள், நாற்காலி போட்டு எடுத்துவைத்த பையன்கள், அழைப்பிதழ் அச்சடித்துத் தந்த சார், மழையில் குடையோடு வாசலில் நின்ற வாட்ச்மேன் அண்ணன், உங்கள் அனைவருக்கும் நன்றி.

நன்கொடையில் செலவு போக மிஞ்சிய பணத்தை, கட்டணம் கட்ட முடியாமல் இந்த வருடம் பியானோ கிரேடு தேர்வைத் தள்ளிப்போட இருந்த இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கணக்கு விவரம் மிஸ்ஸிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். பியானோவை வரும் ஞாயிறு திரும்ப எடுத்துச் செல்கிறோம். தூக்க இன்னும் இரண்டு பேர் தேவை, முடிந்தவர்கள் காலை ஒன்பது மணிக்குச் சர்ச் ஹாலுக்கு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
நிகழ்ச்சிக் குழுவின் சார்பில், ஒரு மாணவியின் அம்மா