செயலாளர் ஆண்டறிக்கை: ஊற்றும் அதற்கு மேலே உள்ள தொட்டிகளும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தெருவிளக்கு, சாலைப் பள்ளம் தொடர்பாகக் கொடுத்த மனுக்களின் நகல்கள் பதிவேட்டில் இருக்கின்றன. இந்த அறிக்கையில் பெரும்பகுதி தண்ணீரைப் பற்றியது. குன்னூர்ச் சரிவில் நம் குடியிருப்பு குடிப்பது ஊற்றுத் தண்ணீர். ஊற்றுக்கு மேலே முன்பு தேயிலை இருந்தது, இப்போது காட்டேஜ்கள் இருக்கின்றன. மேலே எது கழிக்கப்பட்டாலும் கீழேதான் வந்தாக வேண்டும்.

இதுவரை நம் சங்கம் அதிகம் பேசியது பிளாஸ்டிக் பாட்டிலைப் பற்றி. நம் நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை 2000-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மாநிலம் முழுவதற்கும் 2019 ஜனவரி 1 முதல். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. 2025 கோடைச் சீசனில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. வண்டிகளை எண்ணுகிறோம், நல்லது. அந்த வண்டிகளில் வருபவர்கள் பயன்படுத்தும் கழிவறைத் தொட்டி எத்தனை பேருக்குக் கட்டியது என்று கேட்க ஆளில்லை. பாட்டில் கண்ணில் படுகிறது, தொட்டி மண்ணுக்குள் இருக்கிறது. நம் கவனம் இத்தனை நாள் தவறான இடத்தில் இருந்தது என்பதே என் கருத்து.

ஐந்து பேர் வாழக் கட்டிய 1,500 லிட்டர் செப்டிக் டேங்கை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் 500 லிட்டர். கழிவு மூன்று நாள் உள்ளே தங்கும். கசடு அடியில் படியும். மேலே தெளிந்த நீர் மட்டும் உறிஞ்சுகுழிக்குப் போகும். அதே வீட்டுக்கு ஒரு மாடி எழுப்பி மே மாதம் இருபது பேருக்கு வாடகைக்கு விட்டால் வருவது 2,000 லிட்டர். ஒரு நாள்கூடத் தங்காது. கசடும் சேர்ந்தே வெளியேறி உறிஞ்சுகுழியின் மண் துவாரங்களை அடைத்துவிடும். அடைத்த குழி வெயில் காலத்தில் தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறியதும் குழி பொங்கி, மேல்மண்ணுக்கும் கெட்டி மண்ணுக்கும் இடையே வழுக்கிக்கொண்டு ஊற்றுக்கு வந்து சேரும். மே மாதக் கழிவு நவம்பரில் குழாயில் வருவது இப்படித்தான்.

குளிரும் ஒரு காரணம். கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் 15 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும். சமவெளியில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுத்தால் போதும் என்பார்கள். இங்கே, அதுவும் வாடகைக்கு விடும் வீட்டில், அந்தக் கணக்கு செல்லாது. ஆண்டுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, வெள்ளைத் துணி சுற்றிய கழியை அடிவரை இறக்கி எடுங்கள். துணியில் கறுத்த அளவுதான் கசடின் உயரம். நீர் நிற்கும் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு எட்டிவிட்டால் கசடு உறிஞ்சும் லாரியைக் கூப்பிட வேண்டும். மூடியைத் திறந்ததும் சற்று விலகி நில்லுங்கள். தீக்குச்சி, பீடி ஆகாது. ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிருக்கும் உத்தரவாதமில்லை. அடியில் கொஞ்சம் கசடை விட்டுவைக்கச் சொல்லுங்கள், அடுத்த செரிமானத்துக்கு அது உறை மோர் மாதிரி.

மேலே உள்ள சில கட்டடங்களில் இருப்பது செப்டிக் டேங்கே அல்ல, அடி போடாத குழி. கான்கிரீட் உறை இறக்கி, மேலே மூடி போட்டு, “டேங்க்” என்று சொல்லிவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக ஒருமுறைகூட லாரி வரவில்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். உண்மையான தொட்டியில் அடி பூசியிருக்கும். நடுவே தடுப்புச் சுவர் இருக்கும். உள்ளே வரும் வாயிலும் வெளியேறும் வாயிலும் டீ வடிவக் குழாய் இருக்கும். வெளியேறும் குழாய் உள்வரும் குழாயைவிட 5 செ.மீ. தாழ்ந்திருக்கும். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி என்பது சமதளத்துக்குச் சொன்ன அளவு. சரிவில் ஊற்றுக்கு நேர் மேலே இருந்தால் அதைப்போல் இரு மடங்கும் போதாமல் போகலாம்.

எந்தக் குழி ஊற்றோடு தொடர்புடையது என்று அறிய உப்புச் சோதனை இருக்கிறது. உரிமையாளர் சம்மதத்தோடு, ஐந்து கிலோ கல் உப்பை இரண்டு மூன்று வாளித் தண்ணீரில் கரைத்து உறிஞ்சுகுழியில் ஊற்றுங்கள். செப்டிக் டேங்கில் ஊற்றக் கூடாது, நுண்ணுயிர்கள் கெட்டுவிடும். பிறகு ஊற்றில் மணிக்கு ஒருமுறை டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) வைத்து எண்ணைக் குறியுங்கள், இரண்டு நாளாவது. எண் ஏறி இறங்கினால் தொடர்பு உறுதி. ஏறாவிட்டால் தொடர்பு இல்லை என்று அர்த்தமல்ல. மண் காய்ந்திருந்தால் உப்பு வந்து சேராது. மழைக்குப் பின் மறுபடி செய்ய வேண்டும்.

டி.டி.எஸ். மீட்டரைப் பற்றி இன்னொன்று. மலை ஊற்று நீரில் உப்பு இயல்பிலேயே குறைவு. மீட்டரில் சின்ன எண்ணைக் காட்டி “சுத்தமான தண்ணீர்” என்பவரும் தவறு, அதே நீருக்கு ஆர்.ஓ. மெஷின் விற்க வருபவரும் தவறு. கிருமியை மீட்டர் காட்டாது. வழக்கமான எண் திடீரென்று இரட்டிப்பானால் மட்டும் கழிவு கலந்ததோ என்று யோசிக்கலாம்.

கிருமிக்கு எச்.டூ.எஸ். (ஹைட்ரஜன் சல்ஃபைடு) குப்பிச் சோதனை. குறியளவு வரை நீர் ஊற்றி மூடிவைத்தால், மலக் கலப்பு இருக்கும்போது கறுத்துவிடும். இதில் மலைப்பகுதிக்கே உரிய ஏமாற்று ஒன்று உண்டு. குப்பி 30 முதல் 37 டிகிரி சூட்டில் இருந்தால்தான் கிருமி வளரும். ஜனவரியில் நம் வீட்டு அலமாரியில் வைத்தால் கெட்ட நீரும் கறுக்காமலே இருக்கும், “பாஸ்” என்று எழுதிவிடுவோம். தெர்மாகோல் பெட்டிக்குள் சிறிய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, தெர்மாமீட்டர் பார்த்து, 48 மணி நேரம் வைக்க வேண்டும். மாதிரியைக் குளோரின் போடுவதற்கு முன், கனமழைக்கு மறுநாள் எடுங்கள். ஊற்று மோசமாக இருக்கும் நாளில்தான் சோதிக்க வேண்டும்.

குளோரின் போடுவதில் நடக்கும் தவறு பெரும்பாலும் பவுடரில்தான். நல்ல பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் குளோரின். 5,000 லிட்டர் தொட்டிக்கு 20 கிராம் போட்டால் லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் கிடைக்கும். ஆனால் நம் ஊர்ப் பனிமூட்டத்தில் பையைத் திறந்துவைத்தால் சில வாரங்களில் கட்டிதட்டி வீரியம் போய்விடும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். பவுடரை நேரே தொட்டியில் கொட்டாமல் வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர் கலங்கியிருந்தால் சேறே குளோரினைத் தின்றுவிடும், தெளியவிட்டுப் போட வேண்டும். குளோரின் போட்டபின் அரை மணி காத்திருந்தால் போதும் என்பார்கள். குளிர்ந்த நீருக்கு ஒரு மணி விடுவது நல்லது. கடைசி வீட்டுக் குழாயில் மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது. கொதிக்கவைத்துக் குடிப்பவர்களுக்கு: இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், கிருமி சாக அது போதும். தளதளவென்று ஒரு நிமிடம், உதகை உயரத்தில் மூன்று நிமிடம்.

குப்பையைப் பற்றிச் சுருக்கமாக. விடுதிகளின் சாப்பாட்டு மிச்சம் கரடியையும் காட்டுமாட்டையும் நாய்க் கூட்டத்தையும் ஒரே குப்பைத்தொட்டிக்கு அழைத்துவருகிறது. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாள்களில், ஒன்றையும் விடக் கூடாது. உரக்குவியல் இங்கே சூடேற வேண்டுமென்றால் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரமாவது வேண்டும். சின்ன வாளியில் அழுகுமே தவிர மக்காது. பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் பனிக்காலக் காலையில் புகை மேலே எழாமல் பள்ளத்திலேயே தங்கி, வீசிங் உள்ளவர்களின் நெஞ்சில்தான் இறங்கும்.

மண் வெட்டுவது பற்றி உறுப்பினர்கள் கேட்டிருந்தீர்கள். 2009 நவம்பரில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் இறந்தார்கள். பொக்லைன் வைத்துச் செங்குத்தாக வெட்டி, பின்னால் ஜல்லி நிரப்பாமல், நீர் வெளியேறத் துளை விடாமல் தடுப்புச்சுவர் எழுப்பினால், மழையில் சுவர் தாங்குவது மண்ணை மட்டுமல்ல, தேங்கிய நீரையும்தான். சுவரின் துளைகளில் மழைநாளில் நீர் சொட்டாவிட்டால் அடைத்திருக்கிறது என்று பொருள், கம்பி விட்டுக் குத்திவிடுங்கள்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு முன்வைப்பது: ஊற்றுக்கு மேல் பகுதியில் உள்ள எல்லாத் தொட்டிகளையும் ஏப்ரலுக்கு முன் கழி விட்டுப் பார்ப்பது, பிப்ரவரி மாதக் கூட்டத்தில் காட்டேஜ் உரிமையாளர்களையும் அழைப்பது. புகார் மனுவோடு போனால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர்கள் விருந்தினர் குடிப்பதும் இதே ஊற்று நீர்தான், அதைச் சொல்லி அழைக்கலாம்.

ஊற்றுத்தொட்டி அறையின் இரண்டாவது சாவி யாரிடம் இருந்தாலும் கூட்டம் முடிவதற்குள் பொருளாளரிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்