அமிச்சியின் மருந்துப் பை

கண்ணு,

உன் அமிச்சிக்கு, என் அம்மாவுக்கு, கொடுக்கலாமா என்று நீ போட்டோ எடுத்து அனுப்பிய ஆறு மருந்துகளையும் பார்த்தேன், லேபிள் இருந்த ஐந்தையும் பெரிதாக்கிப் படித்தேன். எதையும் இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் எந்தத் தேதியில், எவ்வளவு என்று காலண்டரில் குறித்து வை. நரம்பு டாக்டர் மறதிக்கு எழுதிய டோனெபெசில் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே.

அமிச்சியின் மறதி நோயைத் திருப்பிவிடும் என்று எந்த மூலிகையும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. குணப்படுத்திக் காட்டுகிறேன் என்று சொல்லும் வைத்தியரிடம் அவங்களைக் கூட்டிப் போகாதே. ஆயுர்வேதத்தால் கிடைக்கக்கூடியது வேறு. தூக்கம் கொஞ்சம் சீராகும், மலம் ஒழுங்காகப் போகும், வறண்ட தோலும் விறைத்த மூட்டும் இளகும், பொழுது சாயும்போது வரும் பதற்றம் தணியும். அவங்களுக்கும் உனக்கும் இது பெரிய விஷயம்.

பி12, தைராய்டு, சோடியம் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று முதலில் பார். அமிச்சி சைவம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் பல வருஷமாகச் சாப்பிடுகிறாங்க. இரண்டுமே பி12-ஐக் குறைக்கும், அந்தக் குறை மறதியைக் கூட்டும். இன்னொன்று, இரண்டே நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அது பெரும்பாலும் மறதி நோயின் வேலை இல்லை. சிறுநீரில் கிருமி, சளிக் காய்ச்சல், தண்ணீர் பற்றாமை, தலையில் பட்ட அடி, இப்படி ஏதாவது இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதே.

இனி உன் புட்டிகள். 'பிரம்மி' என்ற பெயரில் நம் பக்கம் இரண்டு செடிகளை விற்கிறார்கள். ஒன்று வல்லாரை, மற்றது நீர்ப்பிரமி. லேபிளில் சென்டெல்லா என்றிருந்தால் வல்லாரை, பக்கோபா என்றிருந்தால் நீர்ப்பிரமி. உன்னிடம் இருப்பது பக்கோபா. டோனெபெசில் தள்ளும் அதே திசையில் இதுவும் தள்ளக்கூடும். இரண்டும் சேர்ந்தால் குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம், நாடியும் மெதுவாகலாம். டாக்டர் சம்மதித்துக் கொடுப்பதாக இருந்தால் தினமும் காலையில் ஒரு நிமிஷம் முழுக்க நாடியை எண்ணு. 60-க்குக் கீழே போனாலோ, எழும்போது தலை சுற்றினாலோ நீர்ப்பிரமியை நிறுத்திவிட்டு அவரிடம் சொல்.

அதிமதுரப் பொடியை வீட்டிலேயே வைக்காதே. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடும் அமிச்சிக்கு அந்த இறக்கம் இரட்டிப்பாகி இதயத் துடிப்பே தடம் மாறலாம். அமுக்கரா தைராய்டு அளவைக் கூட்டக்கூடியது, தூக்கக் கலக்கமும் தரும், சிலருக்குக் கல்லீரல் கெட்டதாகவும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை போடுகிறவங்களுக்குக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. சாரஸ்வதாரிஷ்டம் நொதிக்க வைத்துச் செய்வது. அதில் தானாக உண்டாகும் சாராயச் சத்து உண்டு, இனிப்பும் உண்டு. சர்க்கரை நோய்க்காரருக்கு, அதுவும் நடை தள்ளாடுகிறவருக்கு, நான் தர மாட்டேன்.

எனக்கு மிகவும் கவலை தந்தது மூச்சிளைப்புக்கென்று வாங்கிய கனகாசவம். கனகம் என்பது ஊமத்தை. மூளையில் டோனெபெசில் எதைக் கூட்டப் பார்க்கிறதோ அதையே ஊமத்தை அடக்கிவிடும். வாய் உலரும், மூத்திரம் அடைக்கும், இல்லாத ஆள் நிற்பதாகச் சொல்வாங்க. நோய் முற்றிவிட்டதென்று நாம் நினைப்போம். தூக்கத்துக்கு ஜாதிக்காய் அரைத்துக் கொடு என்று யாராவது சொன்னாலும் கேட்காதே, அளவு கூடினால் அதுவும் பிதற்றலில் கொண்டுபோய் விடும்.

லேபிள் இல்லாத அந்தப் பொட்டலத்தை எறிந்துவிடு. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஈயம் மூளையையே கெடுப்பது. உலோகம் சேர்த்துச் செய்யும் பஸ்பம், செந்தூரம் எதுவும் வேண்டாம்.

எண்ணெய் மட்டும் தாராளமாகத் தேய்க்கலாம். வாரம் இரண்டு நாள், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். காய்ச்சல், சளி, அஜீரணம் இருக்கும் நாளில் வேண்டாம். 30 மி.லி. நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஐந்து நிமிஷம் வைத்து எடு. அடுப்பில் நேராகக் காய்ச்சினால் சூடு எவ்வளவு ஏறியது என்று தெரியாது. உன் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள். ஃபேனை நிறுத்தி, கைப்பிடி உள்ள நாற்காலியில் அமிச்சியை உட்கார வை, காலடியில் பழைய போர்வையை மடித்துப் போடு.

பின்னாலிருந்து தொடாதே, திடுக்கிட்டுத் தட்டிவிடுவாங்க. எதிரே உட்கார்ந்து, கிண்ணத்தைக் காட்டி, உள்ளங்கையில் ஆரம்பி. விரல் விரலாகப் போ. முழங்கைக்கும் முட்டிக்கும் வட்டமாக, நீளமான எலும்புக்கு நீளமாக. கிண்ணத்தை அவங்க கையில் கொடுத்துப் பார். பேர் மறந்தாலும் முட்டியில் எண்ணெய் தேய்ப்பதைக் கை மறக்காமல் வைத்திருக்கலாம். அப்படித் தேய்க்க ஆரம்பித்தால் நீ கையை எடுத்துவிடு. தோல் காகிதம் மாதிரி இருக்கும், அழுத்தக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்கவே கூடாது, ரத்தக் கட்டாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டு. உச்சியில் ஒரு தேக்கரண்டி போதும். காதுக்குள் விடாதே.

பதினைந்து நிமிஷம் தேய்த்து இருபது நிமிஷம் ஊறட்டும். எழுப்புவதற்கு முன்னால் உள்ளங்காலை விரலிடுக்கு வரை துணியால் துடைத்துவிடு. எண்ணெய்க் குளியலில் நடக்கும் விபரீதம் பெரும்பாலும் நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்குப் போகும் அந்த நாலடி நடையில்தான், இடுப்பெலும்பு போனால் அவங்க பழைய நடைக்குத் திரும்புவது கஷ்டம். உட்கார வைத்தே பாசிப்பயறு மாவும் வெந்நீரும் போட்டுக் குளிப்பாட்டு. சூட்டை உன் முழங்கையால் பார்.

ராத்திரி படுக்கையில் உட்கார வைத்து, காலுக்கு அரைத் தேக்கரண்டி வீதம் ஐந்து ஐந்து நிமிஷம் உள்ளங்காலில் தேய்த்துத் துடைத்துவிடு. தலைக்கும் காதுக்கும் பாதத்துக்கும் தனியாக எண்ணெய் வைக்கச் சொல்கிறது அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல், அதில் பாதத்தை எடுத்துக்கொள்வோம். தினமும் ஒரே நேரம், ஒரே விளக்கு. சாயங்காலம் ஐந்தரைக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடு, நிழல் நீண்டால் பயம் கூடும்.

நெற்றியில் எண்ணெய் ஊற்றும் சிரோதாரை, மூக்கில் எண்ணெய் விடும் நசியம், பேதி எல்லாம் சேர்த்துப் பேக்கேஜ் என்று சொன்னார்களே, வேண்டாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கலாம், பேதியில் நீர் வற்றினால் குழப்பம் கூடும். மலச்சிக்கலுக்கு ராத்திரி அரைத் தேக்கரண்டி திரிபலா வெந்நீரில் போதும், இளகிப் போனால் அதையும் நிறுத்து.

வல்லாரையை மருந்தாக இல்லாமல் துவையலாக வாரம் இரண்டு நாள் வை. ஒரு கைப்பிடி இலை, ஒரு கரண்டி உளுந்து, தேங்காய், துளி புளி. நைசாக அரை, திப்பியாக இருந்தால் தொண்டையில் நிற்கும். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாங்க என்று எழுதியிருந்தாய். அப்படியானால் கஷாயம், ரசம் மாதிரி தெளிவானவைதான் அதிக ஆபத்து. விழுங்குவதைப் பரிசோதிக்கச் சொல்லி டாக்டரிடம் கேள். அதுவரை நிமிர்ந்து உட்கார வைத்து, தாடை லேசாகக் கீழே இருக்க, சிறு கரண்டியால் கொடு. சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்காதே.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகும்போது பொட்டலம் தவிர மற்ற ஐந்தையும், காலண்டர் தாளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போ. திட்டுவாரோ என்று மறைக்காதே. அவர் சொன்னதை அன்றைக்கு ராத்திரியே எனக்கு எழுது. வெள்ளிக்கிழமை நான் வருகிறேன், அதற்குள் பாத்ரூமில் கைப்பிடி அடிக்க ஆள் சொல்லி வை.

அன்புடன்
அம்மா