விலகிப்போகும் அளவீடு

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. இங்கே கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

உன் மகளைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவள் செய்த சென்சர் மாலையில் சரியாகக் காட்டுகிறது, விடியும்போது அளவு விலகி நிற்கிறது, ஆய்வையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாள் என்றாய். விட வேண்டாம் என்று சொல். அப்படியே நெதர்லாந்து ஆய்வாளர் பீட் பெர்க்வெல்ட்டைப் பற்றியும் சொல்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் பிள்ளைகளோடு பிஎச், அதாவது தண்ணீரின் அமிலத்தன்மை, அளந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஏழு கிணற்றுக்கும் ஒரே மின்வாய். நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ் உடைந்துவிடும் என்று ஈரப் பஞ்சு சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். அந்தக் கண்ணாடியே தேவையில்லை என்று நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்திலிருந்து 1970 இலேயே எழுதியவர் பெர்க்வெல்ட். திரான்சிற்றரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியான கேற்றில் இருக்கும் உலோகத்தை நீக்கிவிட்டு, கரைசல் நேரே ஒட்சைட்டுப் படையைத் தொடும்படி விட்டார். ஐதரசன் அயன்கள் அந்த மேற்பரப்பில் ஒட்டும் அளவுக்கு ஏற்ப மின்னோட்டம் மாறும். நரம்புக் கலங்களைச் சுற்றி நடக்கும் அயன் மாற்றத்தை அளப்பதுதான் அவருடைய முதல் நோக்கம்.

சொல்ல எளிது. ஆனால் சிலிக்கன் ஒட்சைட்டு தண்ணீரில் மெல்ல மெல்ல மாறும், அளவும் கூடவே நகரும். உன் மகளைத் தூங்கவிடாத அதே தொல்லைதான். அலுமினியம் ஒட்சைட்டு, தந்தாலம் ஒட்சைட்டு என்று படையை மாற்றிப் பார்த்துத்தான் நிலைமை தேறியது. பேராசிரியராகியும் அவர் இதை விடவில்லை. 2003 இல் முப்பது வருட வேலையைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். எனக்கு அவரிடம் பிடித்ததே இந்தப் பிடிவாதம்தான்.

அப்புறம் நடந்ததைப் பார். 2011 இல் நேச்சர் இதழில் ஒரு சிப் பற்றி எழுதினார்கள். டிஎன்ஏ இழையில் ஒவ்வொரு எழுத்தும் சேரும்போது வெளிவரும் ஐதரசன் அயனை, இதே வகைச் சென்சர்கள் பத்து லட்சத்துக்கு மேல் ஒன்றாக நின்று பிடிக்கின்றன. இன்ரெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோர்டன் மூரின் மரபணுத் தொகுதியை அப்படித்தான் வாசித்தார்கள்.

சரி, இரவு எடுத்த வரைபை எனக்கு அனுப்பச் சொல். அறையின் வெப்பநிலையையும் குறித்து வைத்திருந்தால் சேர்த்து அனுப்பட்டும். அதை முதலில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்