"எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை சொன்னால்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். மதிப்பெண் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். தாளை வாங்கிய கையோடு பிள்ளைகள் சொன்ன வார்த்தைகளைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். "எனக்குக் கணக்கே வராது சார்." "நான் மக்கு சார்." "எவ்வளவு படிச்சாலும் அவ்வளவுதான்." எழுபதுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளும் இதைச் சொல்கிறார்கள்.

இதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய பிள்ளை, கேள்வியைப் படிக்கும் முன்பே பேனாவை வைத்துவிடுகிறது. கணக்குத் தாளில் 8 மதிப்பெண் கேள்விகள் இரண்டு உண்டு. ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். போட்டுப் போட்டுப் பார்த்தால் கைக்கு வந்துவிடும் பகுதி அது. சில தாள்களில் அந்தப் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. தப்பாகப் போட்டிருந்தால் திருத்திவிடலாம். தொடாமலே விட்டதுதான் எனக்குக் கவலை.

1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மனச்சோர்வோடு தன்னிடம் வந்தவர்களிடம் ஒன்றைக் கவனித்தார். தங்களைத் தாழ்த்தும் எண்ணங்கள் அவர்களுக்குத் தானாகவே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை அவர்கள் அப்படியே நம்பினார்கள். அந்த எண்ணம் உண்மைதானா என்று சரிபார்க்கப் பழக்குவதை அவர் தன் சிகிச்சையில் முக்கியமாக வைத்தார்.

நீங்களும் வீட்டில் இதைச் செய்யலாம். அதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "வராது" என்று பிள்ளை சொன்னால் திட்டவும் வேண்டாம், "அதெல்லாம் வரும் போ" என்று தள்ளிவிடவும் வேண்டாம். "சரி, எது வரலை? தாளை எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். முக்கோணவியலில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்குத் தொடர்வரிசை நன்றாகவே வந்திருக்கும். "முக்கோணவியல் இன்னும் வரலை" என்று அதன் வாயாலேயே வந்துவிட்டால், அதற்கு எங்கள் ஆசிரியர்களிடம் வழி இருக்கிறது.

"நான்தான் கெட்டிக்காரன்னு தினமும் பத்து தடவை சொல்லு" என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் தங்களைப் பற்றி உயர்வான வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது மனம் இன்னும் சோர்ந்துதான் போனார்கள். நம்ப முடியாத பாராட்டு பிள்ளையிடம் ஒட்டாது. "நேத்து முடியாத கணக்கை இன்னைக்கு நீயே போட்டுட்ட" என்றால் நம்பும். கண் முன்னால் நோட்டு இருக்கிறதே!

அப்புறம் ஒரு வேண்டுகோள். அக்கா மார்க், பக்கத்து வீட்டுப் பையன் மார்க் என்ற பேச்சைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அன்போடும் பயத்தோடும்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் வீட்டில் கேட்ட அதே வார்த்தைகளைத்தான் பிள்ளைகள் என்னிடம் தங்களைப் பற்றிச் சொல்கிறார்கள்.

பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தாலோ, "நான் இருந்து என்ன பயன்" என்று சொன்னாலோ கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். உடனே எனக்குச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

கூட்டத்துக்குப் பிள்ளையையும் அழைத்து வாருங்கள், கணக்குத் தாளையும் எடுத்து வாருங்கள். ஒரு நாள் கூலி போய்விடும் என்று தயங்குபவர்கள் அன்று மாலை 6 மணிக்கு மேல் வரலாம். நானும் கணக்கு ஆசிரியரும் பள்ளியில் இருப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்