படிப்பகத்துக்கு நிதி: பேராவூரணி நண்பனுக்கு ஒரு கடிதம்

வியாசர்பாடி,
சென்னை.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனின் காதுகுத்து நல்லபடியாக நடந்ததை அறிந்து மகிழ்ந்தோம். இங்கு அனைவரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நம் தெருப் படிப்பகத்துக்கு நிதி திரட்ட நீ சொன்ன யோசனையைக் குழுவினரிடம் வாசித்துக் காட்டினேன். அதன்மேல் நடந்த பேச்சையும், கடைசியில் நாங்கள் வந்து சேர்ந்திருக்கும் திட்டத்தையும் விவரமாக எழுதுகிறேன். கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்த கண்ணோடு படித்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று தயங்காமல் சொல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது படிப்பகத்துக்குள் நின்ற தண்ணீர் கீழ்த்தட்டுப் புத்தகங்களையெல்லாம் கூழாக்கிவிட்டது. மர அலமாரிகள் உப்பிக் கதவு சாத்த முடியாமல் போயின. இப்போது தரையைச் சற்று உயர்த்தவும், இரண்டு இரும்பு அலமாரிகள், நான்கு பெஞ்சுகள், பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வேண்டிய புத்தகங்கள் ஆகியவற்றை வாங்கவும் அறுபதாயிரம் ரூபாய் வேண்டும். கையிருப்போ நாலாயிரம். நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு அதற்குமேல் ஒரு ரூபாயும் செலவழிப்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பதுதான் குழுவின் முதல் தீர்மானம்.

ஆடி, ஆவணியில் உங்கள் பக்கம் நடக்கும் மொய்விருந்தைப் போல இங்கும் ஒன்று வைக்கலாம் என்று எழுதியிருந்தாய். ஆட்டுக்கறி விற்கிற விலையில் பந்தி போட்டால் நம் நாலாயிரம் முதல் வரிசை இலைக்கே போதாது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். எழுதியவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டிச் செய்யாவிட்டால் பேச்சு வரும். படிப்பகம் யார் வீட்டு விசேஷத்துக்குப் போய் மொய் எழுதும்? ஆனால் உன் யோசனையிலிருந்து மொய் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெயர், தெரு, தொகை என்று ஒருவர் எழுத, பக்கத்தில் நிற்பவர் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். நாலு பேர் காதில் விழுந்த தொகையைப் பிற்பாடு யாரும் குறைத்துக் காட்ட முடியாது. நூறு ரூபாய்க்குக் கீழே தருபவர்களுக்கு மட்டும் பூட்டிய உண்டியல் ஒன்று தனியாக இருக்கும். பத்து ரூபாய் போடுகிற கிழவியின் பெயரை மைக்கில் படித்து அவளைக் கூச வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

கூட்டத்தை வரவழைக்கக் கேரம் போட்டி. இதற்கு நாம் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. சுற்றியுள்ள மன்றங்களில் கேட்டால் எட்டு கேரம் பலகைகள் இரவலாகக் கிடைக்கும், ஸ்ட்ரைக்கரை ஆட்டக்காரர்களே கொண்டுவருவார்கள். தலைக்குமேல் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, போரிக் பவுடர் படிந்த விரல்களோடு நள்ளிரவு வரை ஆடிய நமக்கு இந்த வட்டாரத்தில் கேரமின் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. நம் வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆனவர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். அதனால் பெண்களுக்கும் தனிப்பிரிவு வைக்க வேண்டும் என்று இளம்பெண்கள் கேட்டார்கள். முதல் ஆண்டிலேயே இரண்டு பிரிவுக்கு நேரம் போதாது என்பதால், ஆண், பெண் யாரும் யாரோடும் சேர்ந்து ஆடும் இரட்டையர் ஆட்டமாக வைத்துக்கொண்டோம்.

அறுபத்து நான்கு ஜோடிகள், ஜோடிக்கு இருநூறு ரூபாய் நுழைவுக் கட்டணம். முறைப்படி ஓர் ஆட்டம் 25 புள்ளிகள் அல்லது எட்டு ‘போர்டு’ (காய்களை ஒருமுறை அடுக்கி ஆடி முடிக்கும் சுற்று) வரை போகும்; அப்படி விட்டால் இறுதியாட்டம் மறுநாளுக்குப் போய்விடும். நாலு ‘போர்டு’, அரை மணி நேரம் என்று சுருக்கினால் எட்டுப் பலகைகளில் பத்து நடையில் எல்லா ஆட்டமும் முடியும். உணவு இடைவேளையும் வழக்கமான தகராறுகளும் சேர்ந்தாலும் காலை ஒன்பதுக்குத் தொடங்கியது மாலை ஐந்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கடைக்காரரை இரண்டாயிரம் ரூபாய்க்கு உபயதாரர் ஆக்கி, அவர் பெயரை அட்டையில் எழுதிப் பக்கத்தில் கட்டுவோம். கட்டணமும் உபயமும் சேர்ந்தால் இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு. மிச்சத்துக்கு நோட்டும் உண்டியலும்தான்.

பஜ்ஜி, அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ், நெத்திலி வறுவல் எல்லாம் நம் தெருப் பெண்களே போடுவார்கள். விற்ற பணம் முழுவதையும் படிப்பகத்துக்குத் தரச் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர். அடுப்படியில் நின்று அன்றாடம் பிழைப்பவரிடம் ஒரு நாள் வருமானத்தைக் கேட்பது தர்மமல்ல என்று மறுத்துவிட்டேன். லாபத்தில் மனமுவந்து தருவதை வாங்கிக்கொண்டால் போதும்.

இளைஞர்கள் கேட்ட இரண்டைத் தள்ளிவிட்டோம். ஒன்று, குலுக்கல் சீட்டு: தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை இருக்க, பரிசுச் சீட்டு விற்று வம்பை விலைக்கு வாங்குவானேன்? மற்றது, சிறப்பு விருந்தினர். அவர் வந்தால் மேடை, மாலை, பொன்னாடை, பிளெக்ஸ் எல்லாம் பின்னாலேயே வரும். நாலாயிரமும் அவர் கழுத்திலேயே போய்விடும். ஒலிபெருக்கிக்கு மட்டும் காவல் நிலையத்தில் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறைத் தேர்ந்தெடுத்தோம். ஆடியில் அம்மன் கோயில் கூழுக்கும், பிறகு பிள்ளையார் சதுர்த்திக்கும் வீடு வீடாக வசூல் நடந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. மாத முதல் வாரம் கடந்தால் சம்பளம் கைக்கு வந்திருக்கும்.

உன்னால் ஆக வேண்டிய காரியம் இரண்டு. நம் வகுப்புத் தோழர்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நீ எழுது. இந்தியக் குடிமக்கள் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் வாங்க வேண்டுமானால் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். நமக்கு அது இல்லாததால் அவர்களைக் கேட்காதே. நமக்கு 80ஜி பதிவும் இல்லை, ஆகவே வரிச்சலுகை கிடைக்கும் என்று யாரிடமும் வாய்தவறிச் சொல்லிவிடாதே. பணம் எந்தத் தனி ஆளின் கைப்பேசி எண்ணுக்கும் வரக்கூடாது. மூவர் கூட்டாக வைத்திருக்கும் கணக்கின் க்யூஆர் அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, போட்டியன்று நீ நேரில் வர வேண்டும். மாலையில் உண்டியலைத் தெருவார் முன்னிலையில் திறந்து எண்ணி, நோட்டோடு கூட்டி, வரவு செலவை அன்றிரவே படிப்பகச் சுவரில் ஒட்டப்போகிறோம். இத்தெருவில் யார் பக்கமும் சாயாதவன் நீ என்பதால், அந்தத் தாளில் உன் கையெழுத்து இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தங்க என் வீடு இருக்கிறது. நாள் குறித்து எழுது, எழும்பூருக்கு என் மகனை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்